முருகேஸ்வரி வந்தால் நின்றுபோகும் நெட்வொர்க்

2000களின் நடுவில் சிவகாசியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். காலண்டர் சீசனில் ஓர் அச்சகத்திலிருந்து போன் வந்தது. டிசைனர் பாக்கியம் அக்காவின் கம்ப்யூட்டரிலிருந்து பிளேட் போடும் அறைக்கு ஃபைல் போகவில்லையாம்.

நான் போய்ப் பார்த்தபோது ஃபைல் போனது. பையை மூடியதும் நின்றது. நெட்வொர்க் கார்டில் லைட் பச்சையாகத்தான் எரிந்தது. கேபிளை மாற்றினேன், டிரைவர் சாஃப்ட்வேரை மறுபடி போட்டேன், கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியில் வேறு போர்ட்டில் செருகினேன். அரை மணி நேரம் ஓடும், ஐந்து நிமிஷம் நிற்கும். கார்டுதான் கோளாறு என்று என் பையிலிருந்து புதிதாக ஒன்றைப் போட்டேன். மறுநாளும் அதே கதை.

முதலாளி அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது. "தம்பி, அந்தப் புதுப்பிள்ளை வந்த பெறகுதான் இம்புட்டும். அதுதான் என்னமோ பண்ணுது."

புதுப்பிள்ளை என்றது முருகேஸ்வரியை. டிசைன் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம். அவளுக்கான கம்ப்யூட்டரையும் நான்தான் கொடுத்திருந்தேன்.

அவளிடம் கேட்டேன். "நான் ஒண்ணும் தொடலண்ணே. நான் ஆன் பண்ணுனாத்தான் அக்காவுக்கு நிக்குது. அக்கா ஃபைல் அனுப்புறப்ப எனக்கும் நிக்குது" என்றாள்.

அவள் ஆன் பண்ணினால் அக்காவுக்கு நிற்கிறது என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. ஒப்புக்கொள்கிறாள் என்று நினைத்தேன். அண்ணாச்சியிடம் அப்படியே சொல்லியும் விட்டேன். அன்றே அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த மூன்று நாள் ஒரு தடங்கலும் இல்லை. "பாத்தீகளா?" என்றார் அண்ணாச்சி. ஆனால் அவள் என்ன செய்திருக்க முடியும் என்று எனக்கு விளங்கவே இல்லை. வைரஸ் தேடினேன், கிடைக்கவில்லை.

நான்காம் நாள், அவள் கம்ப்யூட்டரிலிருந்த டிசைன்களை எடுத்துத் தரச் சொன்னார்கள். ஆன் செய்து ஒரு ஃபைலை அனுப்பினேன். பக்கத்து மேஜையிலிருந்து பாக்கியம், "தம்பி, எனக்கு நின்னுபோச்சு" என்றார்.

இப்போது அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தது நான்.

ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் தயாரிக்கும்போதே ஒரு தனி நம்பர் பதித்திருப்பார்கள். அதை வைத்துத்தான் எந்தத் தகவல் யாருக்கு என்று ஸ்விட்ச் பிரிக்கும். இரண்டு கம்ப்யூட்டரிலும் அந்த நம்பரை எடுத்துப் பார்த்தேன். எண்ணும் எழுத்துமாகப் பன்னிரண்டும் ஒன்றே. பாக்கியத்திடமிருந்து கழற்றிய பழைய கார்டிலும் அதேதான். மூன்றும் நான் மலிவாக வாங்கிய ஒரே பெட்டிச் சரக்கு. பாக்கியத்துக்கு வரவேண்டியதை ஸ்விட்ச் முருகேஸ்வரிக்கு அனுப்பியிருக்கிறது, அவளுடையதைப் பாக்கியத்துக்கு. வந்து சேர்ந்தது என்ற பதில் திரும்பி வராததால் ஃபைல் அனுப்புவதும் நின்றிருக்கிறது.

அண்ணாச்சியிடம் சொன்னேன். "என் தப்பு பாதி, ஒன் தப்பு பாதி. வா" என்று பைக்கை எடுத்தார்.

பக்கத்து ஊரான திருத்தங்கலில் அவள் வீட்டு வாசலில் நின்று நடந்ததைச் சொன்னேன். அண்ணாச்சி, "நாளைக்கு வேலைக்கு வாம்மா" என்றார்.

"வாரேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ரெண்டு பேருக்கும் நிக்குதுன்னு அன்னைக்கே சொன்னேனேண்ணே" என்றாள்.

சொல்லத்தான் செய்தாள். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: மெஷினைத் திறக்குமுன், அதில் வேலை பார்ப்பவர் சொல்வதைக் கடைசி வார்த்தை வரை எழுதிக்கொள்ளுங்கள். அன்று நான் பாதி வாக்கியத்தில் நிறுத்தியதற்கு, ஒரு பெண் நான்கு நாள் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தாள்.