குரோவேஷிய மொழியில் காணாமல் போன ஒரு வரி

இன்று எங்கள் திருத்தங்கல் அச்சகத்துக்குக் குரோவேஷியா போகும் தீப்பெட்டியின் லேபிள் வந்தது. புரூஃபில் நான் கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் ஓடும்.

தெரியாத மொழி என்றால் வரிகளை எண்ணிப் பார்ப்பேன். ஆங்கிலத்தில் மூன்று எச்சரிக்கை. குரோவேஷியத்தில் இரண்டுதான்.

லேபிளை மொழிபெயர்த்துத் தந்த, இணையத்தில் தேடிப் பிடித்த கம்பெனிக்குப் போன் செய்தேன்.

"அது செர்பிய மொழிக்குப் பங்காளி சார். எழுத்து மட்டும் இங்கிலீஷ் எழுத்து. சுருக்கமாத்தான் வரும்."

"எந்த எச்சரிக்கை சுருங்குச்சு?"

போனை வைத்துவிட்டார்.

முதலாளிக்கு அவசரம். "கையெழுத்தப் போடுலே. இங்கன யாருக்கு அது தெரியும்?"

"அங்கன ஊருக்கே தெரியும் அண்ணாச்சி. விட்டுப்போன வரி 'குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்'னா?"

பேனாவை மூடிவிட்டேன்.

உங்களில் யாருக்காவது குரோவேஷியம் தெரியுமா? தெரியும் என்பவர்கள் முதலில் அந்த மொழியில் மூன்று வரை எண்ணிக் காட்டவும்.