ஜெபமணி அக்கா நிறுத்திய பயணம்

செவ்வாய்க்கிழமை காலை நம் பனியன் கம்பெனியின் சாம்பிள் அறையில் நான் இருந்தபோது செக்கிங் பிரிவிலிருந்து போன் வந்தது. ஜெபமணி அக்கா வீட்டில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் இறந்துவிட்டாராம். கையிலிருந்த பனியனை மடித்தேன், பிரித்தேன், திரும்ப மடித்தேன். உட்கார முடியவில்லை. அவரிடம் நான் பேசி ஒரு மாதம் ஆகியிருந்தது.

அவரோடு செக்கிங் மேசையில் நின்ற உங்களுக்கு அவருடைய விரல்கள் தெரியும். தையலைக் கண்ணால் பார்த்ததோடு விடமாட்டார். "இழுத்தா தெரிஞ்சிரும்" என்பார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடமாகியும் பேச்சு மாறவில்லை. கணவர் வாடகைக் கார் ஓட்டிய நாட்களில் கூடவே இருந்து வண்டியைப் பழுது பார்க்கப் பழகியவர்.

என் காரின் முன்பக்கம் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் 'டொக்' என்றது. ஒர்க்‌ஷாப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டு, ரோடுதான் சரியில்லை என்றார்கள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அமராவதி நகர் அணைக்குப் போவதாக இருந்தோம். எதற்கும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லி, அக்காவைப் பொங்கலூரில் எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன்.

வாசலில் இடது முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுத்தார். சக்கரத்தின் மேலும் கீழும் கைவைத்து ஆட்டினார். லேசாக ஆடியது.

"உள்ள ஏறி பிரேக்கை மிதி."

மிதித்தேன். அப்போதும் ஆடியது.

"பேரிங்னா பிரேக் மிதிச்சதும் ஆட்டம் நின்னிருக்கும். இது பால் ஜாயிண்டுதான்," என்று குனிந்து டார்ச் அடித்தார். சக்கரத்தைத் தாங்கும் அந்த மூட்டின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வறண்டு, மண் ஏறியிருந்தது. "இத வச்சிக்கிட்டு போகக்கூடாது, அமுதா. கழண்டுச்சுன்னா சக்கரம் மடங்கிரும்."

அத்தை உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "புளிச்சோறு கட்டியாச்சு கண்ணு. இன்னும் கிளம்பலியா?" பிள்ளைகள் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார்கள். எனக்குக் கோபம் வந்தது.

"உங்களுக்கு எதைப் பார்த்தாலும் ரிஜெக்ட்தானுங்களா அக்கா?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "நீ ஏசுனாலும் சரி. நாஞ் சொல்லத்தான செய்யணும்." காபிகூடக் குடிக்காமல் பஸ் ஏறிப் போய்விட்டார்.

நாங்கள் போகவில்லை. மறுநாள் வீட்டுக்கே வந்த வேறொரு மெக்கானிக் அந்த மூட்டைக் கழற்றியதும், உள்ளிருந்த இரும்பு உருண்டை அதன் குழியிலிருந்து கழன்று கையோடு வந்தது. "பிள்ளைகளை வெச்சுட்டு இதுல போகாம இருந்தீங்களே" என்றார்.

அதை அன்றே அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. செக்கிங் பக்கம் போகாமல் பின்படிக்கட்டு வழியாக ஆபீசுக்குப் போய்வந்தேன். ஷிப்மெண்ட் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

துக்க வீட்டில் அவர் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மாத்துனதைக்கூட அவங்ககிட்டச் சொல்லலீங்கண்ணா."

"அவளுக்குத் தெரியும்மா," என்றார். "நீ கம்பெனி வாசல் வேகத்தடையில வண்டிய ஏத்தும்போது பக்கத்துல நின்னு காது குடுத்திருக்கா. 'சத்தம் போயிட்டு, மாத்திட்டா'ன்னு வந்து சொன்னா. அன்னைக்குத்தான் ஒழுங்காச் சாப்பிட்டா."

நான் அவர் கண்ணில் படாமல் போய்வந்த நாட்களில், அவர் எனக்காகக் காது கொடுத்து நின்றிருக்கிறார். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான். அதை வைத்துக்கொண்டு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.