வயிற்றோடு இங்கிலீசு பேசியவர்

கம்பத்திலிருந்து தேனிக்குப் போகும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளைத்தாச்சிப் பெண்ணும் அவள் புருசனும் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு மடிப்புக் கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா. பஸ் நிற்கும்போதெல்லாம் குனிந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, மனைவியின் வயிற்றோடு இங்கிலீசு பேசினார்.

"யாருகிட்டப்பா பேசுற?" என்றேன்.

"மெதுவாப் பேசுங்க ஆத்தா. உள்ள இருக்க பிள்ளைக்கு எல்லாம் கேக்கும். நம்ம பேச்சு ஒட்டிக்கிட்டா அப்புறம் போகாது."

ஐந்து பெற்ற என்னை வாய் பொத்தச் சொன்னவர் அவர் ஒருத்தர்தான். எனக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத்து தெரியாது. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் படிக்கத் தெரிந்தது. என்னம்மா என்று கேட்டேன்.

"காலையிலருந்து பிள்ளை அசையல ஆத்தா. ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம்."

அவர் குரலும் நடுங்கத்தான் செய்தது. இங்கிலீசு மட்டும் நிற்கவில்லை.

சின்னமனூரில் ஏறிய ஒருவன் வாழைத்தாரை அவள் காலடியில் தொப்பென்று போட்டான்.

"ஏலே, கண்ணு பொடதியிலயா இருக்கு? பிள்ளத்தாச்சி உக்காந்திருக்கது தெரியல? தூக்குடா, கூறுகெட்ட பயலே!"

கத்தியது நானில்லை, அவர். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தாள்.

"என்னங்க, உதைக்குதுங்க! இன்னொருக்கா திட்டுங்க."

அவர் முகம் வெளிறிப் போனது. குனிந்து வயிற்றிடம், "சாரி" என்றார்.

தேனியில் இறங்கி, எதற்கும் காட்டிவிடுவோம் என்று ஆஸ்பத்திரிக்கே போனார்கள். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகும். எந்தப் பாசையில் பாடம் படிக்கிறதோ, நான் அறியேன். கோபம் எந்தப் பாசையில் வரும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.