தரை நசுங்காது

போன வருடம் ஆடி மாதம். விருத்தாசலத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லிக்கொடுத்தார்கள். என் மகளைக் கூட்டிக்கொண்டு போவேன். சும்மா உட்கார்ந்திருந்த அம்மாக்களைப் பார்த்து, "நீங்களும் வாங்களேன்" என்று பயிற்சி தருபவர் கூப்பிட, நாங்கள் சிலர் கார்ட்வீல் பழக இறங்கினோம். கைகளைத் தரையில் ஊன்றி, காலை மேலே வீசி, பக்கவாட்டில் சக்கரமாகச் சுற்றி எழ வேண்டும். எனக்கு வயது முப்பத்தெட்டு.

என்னோடு இறங்கியவர்களில் ஒருத்தி, பீங்கான் பட்டறையில் ஒன்பது வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்பவள். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத ஈரப் பொம்மைகளுக்கு ஓரம் துடைப்பது எங்கள் வேலை. பச்சைப் பொம்மை என்போம். பெண்ணாடத்துக்காரி, என்னைவிட இரண்டு வயது சின்னவள். நான்காம் நாளே சுற்றி எழுந்துவிட்டாள். என் மகள்கூட அவளுக்குக் கைதட்டினாள். எனக்கு வயிறு எரிந்தது. பட்டறையில் அவளுக்கு வேலை பழக்கியதே நான். இதில் மட்டும் அவள் எனக்கு முன்னால் போவதா?

எனக்கோ கையை ஊன்றியதும் பயம் வந்துவிடும். மணிக்கட்டு மடங்கினால் பிழைப்பே போச்சு. காலைப் பாதியில் இறக்கிவிடுவேன். ஒவ்வொரு முறையும் அவள் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாள். மனதுக்குள் சிரிக்கிறாள் என்றே நினைத்தேன். மறுநாள் பட்டறையில் அவளோடு முகம் கொடுத்துப் பேச மாட்டேன்.

ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவளுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. கேள்விப்பட்டதும் "அடப்பாவமே" என்றேன். உள்ளுக்குள் சந்தோஷம்தான். அவள் வராத நாட்களில் எப்படியாவது முந்திவிட வேண்டும் என்று அன்று சீக்கிரமே மைதானத்துக்குப் போனேன். நான் இரண்டு முறை தோற்று எழுந்தபோது, அவள் காலில் கட்டோடு நொண்டிக்கொண்டு வந்தாள்.

"யக்கா, ஒண்ணு சொல்லிட்டுப் போவலாம்னுதான் வந்தேன். நீ பச்சைப் பொம்மைய பலகையில வைக்கிற மாதிரியே கைய வைக்கிற. வெரலு நுனிதான் படுது. இது தரைக்கா, நசுங்காது. மண்ணு பிசையறப்ப அழுத்துவ இல்ல, அப்படி அழுத்து."

என் கையைப் பார்த்தேன். உண்மைதான். பச்சைப் பொம்மையில் விரல் தடம் விழுந்தால் கழித்துவிடுவார்கள். அதற்குப் பழகிய கை, தரையையும் அப்படியே தொட்டிருக்கிறது. பயம் போகவில்லை. ஆனாலும் உள்ளங்கையை முழுதாகப் பதித்து அழுத்திக் காலை வீசினேன். வானமும் அவள் முகமும் தலைகீழாகப் போயின. பார்த்தால் இரண்டு காலில் நின்றுகொண்டிருக்கிறேன். அவள்தான் கைதட்டினாள். எனக்கு அவளை நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது.

கால் சரியானதும் அவள் ஒற்றைக் கையில் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், இன்றைக்கும் எரிகிறது. ஆனால் நான் அவள் காலைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்த நாளெல்லாம், அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்று நினைக்கும்போது, அந்த எரிச்சலோடு வெட்கமும் வந்து சேர்ந்துகொள்கிறது.