உணவுப் பெயர் எங்கே?

போன ஞாயிறு வள்ளியூரில் ஒரு கல்யாணம். சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று இடம் பிடிக்கிற சாமர்த்தியம் எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. பேசாமல் வெளியே வந்து எதிரே இருந்த மெஸ்ஸுக்குள் நுழைந்துவிட்டேன்.

கல்லாவில் இருந்தவர் சட்டென்று எழுந்தார். நாற்பது வயது இருக்கும்.

"டீச்சர்... நான் சுடலைமுத்து. ஏழாங்கிளாஸ்ல உங்ககிட்டதான் படிச்சேன்."

எப்படி மறப்பேன்? ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு பள்ளியில் இருபத்தொன்பது வருஷம் தமிழ் நடத்தியவள் நான். இந்தப் பத்தியை வாசிக்கிறவர்களுக்கு இது தெரியும். தெரியாதவர்களுக்கும் நானே வலியப் போய்ச் சொல்லிவிடுவேன்!

சொல்வகை நடத்த நான் ஒரு வழி வைத்திருந்தேன். 'இன்று காலை நீ சாப்பிட்டதைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுது. ஒவ்வொன்றிலும் ஓர் உணவின் பெயர் வரவேண்டும். பெயர்ச்சொல்லுக்கு அடியில் ஒரு கோடு, வினைச்சொல்லுக்கு இரண்டு கோடு, பெயரடையைச் சுற்றி ஒரு வட்டம்.' சாப்பாடு என்றால் பிள்ளைகளுக்கு இலக்கணம்கூட ருசிக்கும் அல்லவா? பள்ளிக்கு வந்த அதிகாரி ஒருவர் பாராட்டிவிட்டுப் போனார். தலைக்கேறிய அந்தப் பெருமை இன்னும் இறங்கவில்லை.

அதில் சுடலைமுத்துதான் கெட்டிக்காரன். மற்றவர்கள் 'இட்லி தின்றேன்' என்று முடித்துக்கொள்வார்கள். இவனோ 'சூடான பூரி', 'மொறுமொறுப்பான வடை', 'காரமான சட்னி' என்று அடுக்குவான். அவன் நோட்டை வகுப்பில் உரக்க வாசித்தே காட்டியிருக்கிறேன்.

இலை போட்டு, சோறு வைத்து, தேங்காய்ப்பால் சொதியைத் தன் கையாலேயே ஊற்றினான். நான் பழைய கதையை எடுத்தேன். காலங்காத்தால உங்கள் வீட்டில் அப்படி என்ன விருந்து நடக்கும் என்று கேலி செய்தேன்.

அத்தனையும் பொய் என்றான்.

வீட்டில் காலையில் அடுப்பே எரியாதாம். அப்பாவும் அம்மாவும் விடியுமுன் வயல் வேலைக்குப் போய்விடுவார்களாம். மதியச் சத்துணவுதான் அவனுக்கு அன்றைய முதல் சாப்பாடு. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒரு ஹோட்டல் — அதன் போர்டில் சாக்பீஸால் எழுதியிருந்த பலகாரங்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்து நோட்டில் இறக்கியிருக்கிறான்.

சரி... அந்தச் சூடும் காரமும் மொறுமொறுப்பும்?

"பசியோட நிக்கவனுக்குப் பெயரடை தன்னால வரும் டீச்சர்."

பிசைந்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டேன். ஒரு வருஷம் முழுக்க என் கண்முன்னால் பட்டினியாக உட்கார்ந்திருக்கிறான்... நான் வட்டம் சரியாகப் போட்டிருக்கிறானா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்! கோபம்கூட வந்தது — அவன் மேல். என் குணம் அப்படி. தப்பு என்னுடையது என்று உறைப்பதற்கு முன்னால் கோபம் முந்திக்கொள்ளும்.

"ஏம்லே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னேனே டீச்சர். மொத நாளு 'நான் காலையில் சாப்பிடவில்லை'ன்னுதான் எழுதினேன். 'உணவுப் பெயர் எங்கே?'ன்னு செவப்பு மையில எழுதி, தப்பு போட்டுட்டீய."

அவன் முகத்தில் வருத்தமே இல்லை. இன்னும் கொஞ்சம் சொதி விடட்டுமா என்று கேட்டான்.

நம் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி 'சாப்டாச்சா?'தான். பதிலைக் கேட்க யார் நிற்கிறோம்? 'ஆச்சு' என்பது வயிற்றின் பதில் இல்லை, மரியாதைக்குச் சொல்வது. யாராவது 'இல்லை' என்று சொல்லிவிட்டால் நமக்குத்தான் சங்கடம். நான் அதையும் தாண்டிப் போய் மார்க்கைக் குறைத்திருக்கிறேன்.

ரிட்டயரான பிறகும் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். காலை ஆறரைக்கு ஆரம்பம். முடிந்ததும் பிள்ளைகள் அப்படியே ஸ்கூல் பஸ் ஏறிவிடுவார்கள். திங்கட்கிழமை நோட்டைத் திறக்கச் சொல்லுமுன், சாப்பிட்டு வந்தவர்கள் மட்டும் கை தூக்குங்கள் என்றேன்.

ஒன்பது பிள்ளைகள். இரண்டே இரண்டு கைகள்.

ஆறரை மணி என்று நேரம் வைத்தது யார் என்கிறீர்கள்? நானேதான்.