நேற்றுச் சாப்பாட்டைக் கேட்ட ஹசீனா மிஸ்ஸி

ஹசீனா மிஸ்ஸி காலமான செய்தி வந்தபோது என் மேசையில் சிரித்த முகங்கள் குவிந்து கிடந்தன. பிரசவ விடுதியிலிருந்தும் கிளினிக்குகளிலிருந்தும் வீடு போகும் தாய்மாரிடம் எங்கள் ஆஸ்பத்திரி ஒரு தாள் கொடுக்கும். சேவையில் திருப்தியா என்று கேட்டு, சிரித்த முகம், சும்மா இருக்கும் முகம், அழுத முகம் என்று மூன்று படம் போட்டிருக்கும். அவற்றைச் சேர்த்துக் கட்டிவைக்கும் லிகிதர் நான். அன்றைய தாள்கட்டுக்குள் அழுத முகம் ஒன்றுகூட இல்லை. அதைக் கையில் வைத்திருக்கும்போதுதான் மிஸ்ஸியின் மகள் ரிஸ்னா மடவளையிலிருந்து போனில் கூப்பிட்டாள்.

"செல்வி அன்ட்டி, உம்மா மவுத்தாயிட்டாங்க. சுபஹு தொழுதுட்டு கதிரையில குந்தினாங்க, அவ்வளவுதான். அஸருக்கு அடக்கம்."

"ஐயோ, என்னா புள்ள சொல்ற!" என்று நான் கத்தியதில் அடுத்த மேசைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். போன வாரம்தான் மிஸ்ஸி எனக்குப் போன் எடுத்துப் பேசியிருந்தார். நான் பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எடுக்கவே இல்லை.

அவரைத் தெரிந்தவர்களே, உங்களில் அவரிடம் ஏச்சு வாங்காதவர் யாராவது இருக்கிறீர்களா? இரத்தத்தில் சீனி கூடும் வருத்தமுள்ள கர்ப்பிணித் தாய்மாருக்கான கிளினிக்கில் அவர் பல வருடம் பொறுப்பாக இருந்தார். மற்றத் தாதிமார் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார்கள். இவர் "நேத்து என்ன சாப்பிட்ட?" என்று கேட்பார். வணக்கமும் அதுதான், விசாரணையும் அதுதான்.

அலவத்துகொடைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த ஒரு பெண்ணை எனக்கு மறக்காது. அன்று அவளுடைய சீனி அளவு அவ்வளவு அழகாக வந்திருந்தது. டொக்டர் பாராட்டி அனுப்பிவிட்டார். மிஸ்ஸி மட்டும் வாசலில் அவளை மறித்தார்.

"நம்பர் நல்லா ஈக்கி. ஒன்ட மொகம் நல்லால்லயே. நேத்து என்ன சாப்பிட்ட?"

"வழமையா சாப்புடுறதுதாங்க மிஸ்ஸி."

"கைய நீட்டு பாப்பம்."

நீட்டிய கை நடுங்கியது. முதல் நாள் மத்தியானத்திலிருந்து அவள் பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் குடிக்கவில்லை. காலையில் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னதற்கு அரை பிஸ்கட்டைக் கடித்திருந்தாள். "நம்பர் கூடுனா டொக்டர் ஐயா மனசு நோகுமுங்களே" என்றாள். மிஸ்ஸி அந்த வராந்தாவே அதிரும்படி ஏசினார். ஏசிக்கொண்டே தன்னுடைய சோற்றுப் பார்சலைப் பிரித்து அவள் மடியில் வைத்தார்.

இது அவள் ஒருத்தியின் பிழை இல்லை. எங்கள் சனம் எல்லாம் செய்வதுதான். இரண்டு வாரத்துக்கொரு கிளினிக். அதற்கு முதல் நாள் பட்டினி. கிளினிக் முடிந்து வீடு போனதும் குவித்துச் சோறு, இரண்டு கரண்டி சீனி போட்ட பிளேன்டீ, ரெண்டு உசுருக்குச் சாப்பிடு என்று மாமியார் கையால் இன்னொரு கவளம். பரீட்சைக்குப் படிப்பது போல ஒரு நாளைக்கு மட்டும் நோயாளியாக இருப்பார்கள். "அவ டொக்டர திருப்திப்படுத்துறா, டொக்டர் அவள திருப்திப்படுத்துறாரு. மத்த பதிமூணு நாளும் உள்ள கெடக்குற புள்ள சீனித் தண்ணியில ஊறுது. அதுக்கு யாரு தாள் குடுக்குற?" என்று மிஸ்ஸி சொல்வார்.

தாள் என்றதும் சொல்ல வேண்டும். மற்றப் பிரிவுகளில் சிரித்த முகங்கள் வந்து குவியும்போது மிஸ்ஸியின் கிளினிக்கிலிருந்து அழுத முகங்கள்தான் வரும். 'மிஸ்ஸி ஏசுறாங்க', 'எல்லாருக்கும் முன்னால வெக்கப்படுத்துறாங்க' என்று எழுதியிருப்பார்கள். அவர் அதை வாசித்துவிட்டுத் திருப்பித் தருவார். சிரித்த முகத்துக்குக் கோடு போட்டிருந்தால்தான் யார், எந்த ஊர், எத்தனை மாதம் என்று கேட்பார். "ஏச்சு வாங்கியும் சிரிக்கிறா எண்டா என்னமோ மறைக்கிறா" என்பார். அப்போது எனக்கு அது கிறுக்காகத் தெரிந்தது.

பிறகு எனக்கே வயிற்றில் பிள்ளை வந்தது. ஐந்தாம் மாதம் சீனி என்றார்கள். தினமும் அந்தக் கிளினிக்கின் பதிவேட்டை எழுதும் நான், எல்லாம் தெரிந்த நான், மற்றவர்கள் செய்ததையே செய்தேன். முதல் நாள் பட்டினி கிடந்தேன். நம்பர் நன்றாக வந்தது. சிரித்துக்கொண்டு நின்றேன். மிஸ்ஸி என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, நாற்பது பெண்களுக்கு முன்னால், "எழுதப் படிக்கத் தெரிஞ்ச கழுத நீ. ஒன்ட புள்ளக்கி நீயே நஞ்சு ஊட்டுற" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டுக்குப் போகும் முன்னரே ஒரு தாளை எடுத்து, அழுத முகத்துக்குக் கோடு போட்டு, அதன் கீழே எட்டு வரி எழுதிப் பெட்டியில் போட்டேன். பெயர் எழுதவில்லை.

அந்த மாத முடிவில் அவரைக் கிளினிக்கிலிருந்து எடுத்து வேறொரு விடுதியில் போட்டார்கள். என் தாள் மட்டும் காரணமில்லை என்று பத்து வருடமாக எனக்கு நானே சொல்லிவருகிறேன். அதன் பிறகு கிளினிக் சிரித்தது. யாரும் யாரையும் ஏசவில்லை. யாரும் நேற்றுச் சாப்பாட்டைக் கேட்கவில்லை. நான் பட்டினி கிடந்து நல்ல நம்பர் வாங்கிக்கொண்டே போனேன். வயிறு மட்டும் நாளுக்கு நாள் பெருத்தது. பார்த்தவர்கள் எல்லாம் சந்தோஷப்பட்டார்கள்.

பிள்ளை தோளில் சிக்கிக்கொண்டது. அதை வெளியே எடுக்க எத்தனை பேர் என்மேல் ஏறி அமுக்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. நாலு கிலோ அறுநூறு. "ராசாத்தி மாதிரி கொழுகொழுன்னு" என்று என் மாமியார் கட்டிலைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் காட்டினார். பிள்ளை அழவில்லை, பாலும் கேட்கவில்லை, சும்மா தூங்கிக்கொண்டிருந்தது. நல்ல பிள்ளை, தொல்லையே இல்லை என்று நான் நினைத்தேன். தலைமாட்டில் இருந்த தாளில் சிரித்த முகத்துக்குக் கோடும் போட்டேன்.

மத்தியானம் ஹசீனா மிஸ்ஸி வந்தார். தன் விடுதியை விட்டு என்னைப் பார்க்க வந்திருந்தார். பிள்ளையைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. காலைச் சுண்டினார். பிள்ளை அசையவில்லை. உதட்டோரம் மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது.

"இந்தப் புள்ளட சீனி பாத்தாச்சா? எத்தன மணிக்கு பாத்த?" என்று விடுதித் தாதியிடம் கத்தினார். பார்க்க மறந்திருந்தார்கள். தாயின் சீனியில் வளர்ந்த பிள்ளைக்குத் தொப்புள்கொடி அறுந்ததும் சீனி அடியோடு இறங்கிவிடும் என்பதை அன்றைக்குத்தான் நான் அறிந்தேன். அவர் பிள்ளையை அள்ளிக்கொண்டு ஓடிய செருப்புச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஐந்து நாள் என் மகள் நிவேதா ஊசியும் குழாயுமாகக் கிடந்தாள். பிழைத்தாள்.

அதிலிருந்து ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் மிஸ்ஸி கட்டுகஸ்தோட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வருவார். கேக் தொடமாட்டார். நிவேதாவை நிறுத்தி உயரம் அளப்பார், தராசில் ஏற்றுவார், அவளுடைய வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பார். கோடு ஒவ்வொரு வருடமும் பச்சை நிறப் பகுதியை விட்டு மேலே மேலே போனது. நான் அவர் முகத்தைப் பார்க்கமாட்டேன். ஒரு வருடம் அட்டையை மூடிக்கொண்டே, "அந்தத் தாள்ல ஒன்ட எழுத்து நல்ல அழகு புள்ள. எட்டு வரியும் நேரா போட்டீந்த" என்றார். எனக்குப் பூமி பிளந்தது போல இருந்தது. அவர் சிரித்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை.

இந்த வருடம் நிவேதாவின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்கழுத்து கறுத்திருந்தது. அழுக்கென்று நினைத்து நான் ஆறு மாதமாகச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"தேய்க்காத. இது அழுக்கில்ல, சீனிட அடையாளம். மூணு மாசத்து சீனி காட்டுற ரத்த டெஸ்ட் ஒண்டு ஈக்கி. நேத்துப் பட்டினி கெடந்து அத ஏமாத்த ஏலா. எடு."

"பள்ளிக்கூட லீவு வரட்டும் மிஸ்ஸி."

லீவு வந்தது, போனது. காலமாவதற்கு முந்தின வாரம் அவர் எடுத்துப் பேசியதும் இதற்குத்தான்.

மடவளையில் நான் பஸ் இறங்கி ஓடியபோது ஜனாஸாவைத் தூக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கணம் முகம் பார்த்தேன். எந்தக் கேள்வியும் இல்லாத முகம். அப்படி ஒரு நாளும் அவரை நான் பார்த்ததில்லை. ஆண்கள் அடக்கம் செய்ய மையவாடிக்குப் போன பிறகு ரிஸ்னா ஒரு துண்டுத்தாளைக் கொண்டுவந்து தந்தாள். "உம்மாட பேக்ல ஈந்திச்சு அன்ட்டி." நிவேதாவின் பெயர், உயரம், நிறை. அதன் கீழே, 'டெஸ்ட் இன்னும் எடுக்கல்ல.' அதன் கீழே இரண்டு கோடு.

அடுத்த கிழமையே அதற்குப் பதிந்தேன். டெஸ்டுக்கு முதல் நாள் மாலை நிவேதாவுக்குச் சோறு போட்டேன். ஒரு கரண்டி. இரண்டாவது கரண்டியை எடுத்த கை பானைக்குள்ளேயே திரும்பிப் போனது. நான் யோசித்து அதைச் செய்யவில்லை. அவள் தட்டைப் பார்த்தாள். கோபப்படவில்லை.

"பரவால்லம்மா. நானும் இன்னிக்கு ஸ்கூல்ல சாப்பாட்ட சாராவுக்கு குடுத்துட்டேன். நம்பர் நல்லா வரும்ல?"

இதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. யாருமே சொல்லிக்கொடுக்கவில்லை.

மறுநாள் இரத்தம் எடுத்த பெண் மிகவும் நல்லவள். வலிக்காமல் குத்தினாள், நிவேதாவின் கன்னத்தைத் தட்டினாள், வேறு எதுவும் கேட்கவில்லை. போகும்போது ஒரு தாள் தந்தாள். மூன்று முகங்கள். நான் எதற்கும் கோடு போடவில்லை.

டெஸ்ட் முடிவு வெள்ளிக்கிழமை வரும். ஹசீனா மிஸ்ஸியிடமிருந்து எனக்கு வந்தது இரண்டு கோடு போட்ட அந்தத் துண்டும் ஒரு கேள்வியும்தான். துண்டை வளர்ச்சி அட்டைக்குள் வைத்திருக்கிறேன். கேள்வியை இன்று காலை முதல் தடவையாக என் வாயால் என் மகளிடம் கேட்டேன். அவள், பத்து வருடத்துக்கு முன் மிஸ்ஸிக்கு முன்னால் நான் நின்ற மாதிரியே, சிரித்துக்கொண்டு நின்றாள்.