நாமக்கல்லில் ஒரு கடல்

இல்லை, தீவின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் தபால்தலை சேர்ப்பவர்கள் எல்லோரும் நாளைக்கே தேடக் கிளம்பிவிடுவீர்கள். அட்லாண்டிக்கில் இருக்கிறது. ஒரு மலை, ஒரே ஊர். இவ்வளவு போதும்.

முதல் தபால் கப்பல் வந்த நூறாவது ஆண்டின் நினைவாக அந்தத் தீவு இரண்டு தபால்தலைகளை ஒட்டினாற்போல் வெளியிட்டது. இடதில் தீவு. வலதில் கடலும் கப்பலும். நடுவில் கிழிப்பதற்கான துளைவரிசை மட்டும். ஒரு அலை இந்தத் தலையில் தொடங்கி அந்தத் தலையில் முடியும். சேலத்தில் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த நானும் சரசுவும் சேர்ந்து அதை வாங்கினோம். 1979இல் படிப்பு முடிந்தது. யாரிடம் இருப்பது? இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஜோடியைக் கிழிக்கக் கூடாது என்பது சேர்ப்பவர்களின் முதல் பாடம். தலை சேர்க்காதவர்களாக இருந்திருந்தால் யாராவது ஒருத்தி எடுத்துக்கொண்டு போயிருப்பாள். நாங்கள் கிழித்தோம். எனக்குத் தீவு, அவளுக்குக் கடல்.

நான்கு வருடம் தீவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் இல்லாத தீவு வெறும் பாறை. அந்தக் கடல் எனக்கு வேண்டும். அதைக் கேட்டு வாங்கிவரத்தான் இந்த ஜனவரியில் நாமக்கல் போனேன்.

சேலத்தில் காலை ஏழே கால் பஸ். ராசிபுரம் வழி. ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், மூன்றரை ரூபாய், இரண்டு மணி நேரம் ஆகிறது. வலது பக்கம் உட்காருங்கள், காலை வெயில் இடது பக்கம் அடிக்கும். மரவள்ளிக் காடுகள். சேகோ என்னும் ஜவ்வரிசி ஆலைகளின் களத்தில் வெள்ளை வெள்ளையாய்க் காயும் மாவு. கிணறுகளைத் தவிரத் தண்ணீர் என்று ஒன்றும் கண்ணில் படவில்லை. புதுச்சத்திரம் தாண்டிச் சற்று நேரத்தில் நாமக்கல் மலை தெரிந்தது. ஒரே கல். உச்சியில் கோட்டைச் சுவர். சமவெளியில் யாரோ இறக்கி வைத்துவிட்டு மறந்துபோனது மாதிரி.

சரசுவின் கணவருக்கு லாரி பாடி கட்டும் பட்டறை. பஸ் நிலையத்து டீக்கடையில் வழி கேட்டேன்.

"பட்டறைன்னா எந்தப் பட்டறைங்க? இங்க கண்ண மூடிட்டுக் கல்லெறிஞ்சா ஏதாச்சும் ஒரு பட்டறைலதான் உழுகும்."

உரிமையாளர் பெயரைச் சொன்னதும் கையைக் காட்டினார். கால் மணி நேர நடை. மரம் அறுக்கும் சத்தம், தகரம் தட்டும் சத்தம். கணக்கு மேசையிலிருந்து சரசு எழுந்து ஓடிவந்தாள்.

"வா புள்ள. காயிதம் போட்டுப்போட்டு நெசமாவே வந்துட்டியே! இரு, உக்காராத. மொதல்ல இதப் பாரு."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஒரு புது லாரியின் முன்னால் நிறுத்தினாள். ஓட்டுநர் அறைக்கு மேலே இருந்த பலகையில் கடல். எங்கள் கடல். அதே தபால் கப்பல், அதே அலை. அலை போய் மோதிய இடத்தில் நாமக்கல் மலை. கோட்டைச் சுவர் உட்பட.

ஏணியிலிருந்து பெயிண்டர் ஆறுமுகம் இறங்கிவந்தார்.

"அக்கா அந்தத் தலையக் குடுத்து வரையச் சொன்னாங்க, அம்மிணி. மொத வண்டிக்கு வெறுந்தண்ணியும் கப்பலுந்தான் வரைஞ்சனுங்க. வண்டிக்காரரு, 'ஏனப்பா, மேட்டூர் டேமா இது?'ன்னு போட்டாரு. அலைன்னா எங்கியாச்சும் போயி மோதோணுமில்லீங்க? நிமுந்து பாத்தனுங்க. மலை இருந்துச்சு."

சரசு சிரிக்கவில்லை. "இதே படத்தோட ஆறேழு வண்டி ஓடுது. கல்கத்தா, பம்பாய்னு. நாம ரெண்டு பேரும் எங்கியும் போகல. அது போவுது."

விடுதியில் இரவு விளக்கணைத்த பிறகு அந்தத் தீவில் எந்த வீட்டில் குடியிருப்பது என்று பேசிக்கொள்வோம். அது அவளுக்கும் நினைவிருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

பட்டறைக்குப் பின்னால் வீடு. டீ வந்தது. ஆல்பத்தை விரித்தாள். கடலின் ஓரத்தில் நீல எனாமல் கறை, ஆறுமுகத்தின் விரல் அளவில். சேர்ப்பவர் யாரும் இனி இதைத் தொடமாட்டார்கள். எனக்கு அப்போதும் வேண்டியிருந்தது.

"செரி, எடு," என்றாள்.

"எதை?"

"தீவத்தான். குடுக்கத்தான வந்திருக்கற?"

"நான் கடலைக் கேட்க வந்தேன், சரசு."

ஒரு கணம் என்னையே பார்த்தாள். பிறகு இருவரும் சிரித்தோம். சிரிப்பு சீக்கிரம் தீர்ந்துவிட்டது. பொருத்திப் பார்க்கவென்று பையில் கொண்டுவந்திருந்த என் தீவை இடுக்கியால் எடுத்து அவளுடைய கடலுக்கு அருகில் வைத்தேன். பல்லோடு பல் பொருந்தியது. அலை முழுதாயிற்று. டீ ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கடலையும் உங்கிட்டக் குடுத்துப்போட்டு, இந்தத் தகரச் சத்தத்துல எதப் பாத்துட்டு நான் உக்காந்திருக்கறது?"

என் அறையிலும் அதே கேள்விதான் இருந்தது.

"அப்ப மாத்திக்கலாம்," என்றாள் சரசு. கொடுக்கவும் மனமில்லை, விடவும் மனமில்லை என்றால் சேர்ப்பவர்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். கிழித்த அன்று இது தோன்றியிருக்காது. அவள் தீவை எடுத்துக்கொண்டாள். நான் கடலை.

உடனே தீவை ஆறுமுகத்திடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மொட்டப் பாறையா இருக்குதுங்க அக்கா. ஒரு கோட்டை கூட இல்ல. நம்ம மலையே தேவல."

"உன்னைய ஆரு கேட்டா? அடுத்த வண்டிக்கு இதத்தான் வரையற."

நாலரை மணிக்கு மலை ஏறினேன். பாறையில் வெட்டிய படிகள். கால் மணி நேரம். காலை பத்துக்கு முன்போ மாலை நாலுக்குப் பின்போ ஏறுங்கள், நடுப்பகலில் கல் கால் பொசுக்கும். குடிக்கத் தண்ணீர் எடுத்துப் போங்கள், மேலே கிடைக்காது. கோட்டைச் சுவரில் சாய்ந்து நின்றேன். நாலு பக்கமும் நிலம். ஓட்டுக் கூரைகள், கோழிப் பண்ணைக் கொட்டகைகள், திருச்சி சாலையில் ஒரு லாரி. வெகுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தும் எனக்கு அது கடலாகவில்லை. கீழே ஒருவர் ஏணியில் நின்றபடி நிமிர்ந்து பார்த்த மாத்திரத்தில் இதைக் கடலாக்கியிருக்கிறார்.

தபால்தலைக்காக இந்த வழி வருபவர்களுக்கு ஒன்று. கேட்பதற்காக மட்டும் வராதீர்கள். மாற்றிக்கொள்ள, கைவிட மனம் வராத ஏதாவது ஒன்றைக் கொண்டுவாருங்கள்.

ஐந்தரை மணி பஸ்ஸில் ஏறினேன். நிற்கத்தான் இடம் கிடைத்தது. கூட்டத்தில் கசங்கிவிடாமல் பையை மார்போடு பிடித்துக்கொண்டேன். ராசிபுரத்தில் பலர் இறங்கினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து, பையைத் திறந்து, வெளிச்சம் போகும்வரை கடலைப் பார்த்தேன்.